அடிவயிற்றுத் தொல்லைகளுக்கு முதன்முறையாக மருத்துவம் தேடுவோருக்கு: சுங்கை சிப்புட்டிலிருந்து ஒரு வழிகாட்டி

மலேசியாவின் பேராக் மாநிலத்திலுள்ள சுங்கை சிப்புட் போன்ற தோட்டப் பட்டணங்களில் மூலத்துக்கு மருந்து சொல்லத் தெரியாதவர் அரிது. ஒட்டுக்கடையில் அடுத்த மேசையில் தேநீர் குடிப்பவரும், கோயில் திருவிழாவில் பந்தி பரிமாறுபவரும், தோட்டத்து மருத்துவ உதவியாளரான டிரஸ்ஸரிடம் முன்பு எடுபிடியாக இருந்தவரும் ஆளுக்கொரு கைவைத்தியம் வைத்திருப்பார்கள். குடலின் கீழ்ப்பகுதியில் வரும் எந்தத் தொல்லைக்கும் நம்மவர்கள் சொல்லும் காரணம் பெரும்பாலும் இரண்டில் ஒன்றாகவே இருக்கும்: உடம்புச் சூடு, இல்லாவிட்டால் மூலம். இவ்விரண்டையும் சொல்லிக்கொண்டு களிம்பும் இளநீருமாக மாதக்கணக்கில் காலம் கடத்துவதால்தான், எளிதில் தீர வேண்டிய நோய்கள் முற்றிப்போகின்றன. இத்தகைய தொல்லை முதன்முறையாக வந்து, யாரிடம் போவது, எப்படிச் சொல்வது, என்ன மருத்துவம் கிடைக்கும் என்று தெரியாமல் இருப்பவர்களுக்காக இக்கட்டுரை எழுதப்படுகிறது. மருத்துவரைப் பார்ப்பதற்கு இது ஈடாகாது. அவரைப் பார்க்கப் போகுமுன் ஆயத்தமாவதற்கு உதவும்.

முதலில் கவனித்து எழுதிக்கொள்ளுங்கள்

கிளினிக்குக்குப் போவதற்கு முன் ஒரு சிறு நோட்டில் சில நாள்களின் விவரத்தைக் குறித்துவைத்துக்கொள்வது நல்லது. ஒரு நாளைக்கு எத்தனை முறை மலம் கழிக்கிறீர்கள், அது கட்டியாக வருகிறதா, குழைவாகவா, நீராகவா, முக்க வேண்டியிருக்கிறதா, போய்வந்த பிறகும் மிச்சம் இருப்பதுபோல் தோன்றுகிறதா, வலி மலம் கழிப்பதற்கு முன்பா பின்பா என்பவற்றை எழுதினால் போதும். மருத்துவர்கள் பிரிஸ்டல் அட்டவணை என்ற படத்தைக் காட்டி மலம் எந்த வகை என்று கேட்பதுண்டு. அதில் 7 வகைகள் உள்ளன. முதல் இரண்டும் மலச்சிக்கலைக் குறிக்கும், 3, 4 ஆகியவை இயல்பானவை, அதற்கு மேற்பட்டவை இளகிய மலம். படத்தைப் பார்த்து எண்ணைச் சொல்லிவிட்டால் பாதிக் கூச்சம் குறைந்துவிடும்.

இரத்தம் தெரிந்தால் அதைத் தனியாகக் குறிக்க வேண்டும். மலம் கழித்தபின் சொட்டுச் சொட்டாக விழும் செந்நிற இரத்தம், மலத்தோடு கலந்து சளியுடன் வரும் இரத்தம், தார்போலக் கறுத்து நாற்றமடிக்கும் மலம் ஆகிய மூன்றும் வெவ்வேறு இடங்களைச் சுட்டுகின்றன. முதல் வகை பெரும்பாலும் ஆசனவாய் அருகிலிருந்தும், இரண்டாவது பெருங்குடலிலிருந்தும், மூன்றாவது பெரும்பாலும் இரைப்பை, முன்சிறுகுடல் பகுதியிலிருந்தும் வருகின்றன. ஆனால் பார்வையை ஏமாற்றும் பொருள்களும் உண்டு. சிவப்புச் சதையுள்ள பூவா நாகா (டிராகன்) பழத்தை முந்திய நாள் சாப்பிட்டவருக்கு மறுநாள் கழிவறையில் நெஞ்சே நின்றுவிடும், பீட்ரூட்டும் அப்படித்தான். இரும்புச்சத்து மாத்திரையும், வயிற்றுப்போக்குக்கு நம் வீடுகளில் விழுங்கும் கரி மாத்திரையும் மலத்தைக் கறுப்பாக்கும். அவற்றைச் சாப்பிட்டீர்களா என்பதையும் அதே நோட்டில் எழுதுங்கள்.

காத்திருக்கக் கூடாத நிலைகள்

சில அறிகுறிகள் இருந்தால் நோட்டையும் குறிப்பையும் ஒதுக்கிவிட்டு நேராக மருத்துவமனையின் அவசரப் பிரிவுக்குப் போக வேண்டும். மயக்கத்தோடு அதிக இரத்தப்போக்கு, தார்போன்ற மலம், வயிறு பலகைபோல் இறுகிவிடுதல், மலமும் காற்றும் முற்றிலும் நின்று வயிறு ஊதி வாந்தி வருதல், குழந்தையோ முதியவரோ சிறுநீர் கழிக்காமல் சோர்ந்து கண் குழிவிழுதல் ஆகியவை அத்தகையவை. வண்டி வசதி இல்லாத தோட்டத்தில் இருப்பவர்கள் 999 என்ற எண்ணை அழைத்து, தோட்டத்தின் பெயரோடு எந்தப் பிரிவு, எந்த லயம், பெரிய சாலையிலிருந்து எந்தத் திருப்பம் என்பதையும் சொல்ல வேண்டும். செம்பனைக் காட்டுக்குள் இரவில் ஆம்புலன்ஸ் வழி தவறுவது எளிது. ஆகவே சாலை முனையில் ஒருவர் கைவிளக்கோடு நிற்பது நல்லது.

இங்கே குடல்வால் அழற்சியைப் பற்றித் தனியாகச் சொல்லியாக வேண்டும். அப்பெண்டிக்ஸ் என்று எல்லாரும் அறிந்த இந்நோயில் வலி முதலில் தொப்புளைச் சுற்றித் தொடங்கி, சில மணி நேரத்தில் வலது அடிவயிற்றுக்கு இறங்கும். பசி போய்விடும், குமட்டலும் இளங்காய்ச்சலும் வரும், இருமினாலோ மேடுபள்ளத்தில் மோட்டார் சைக்கிள் குலுங்கினாலோ வலி கூடும். குடலேற்றம் என்று சொல்லி எண்ணெய் தடவி வயிற்றை உருவுவதும், பேதி மருந்து கொடுப்பதும் இந்நிலையில் மிக ஆபத்தானவை. வீங்கிய குடல்வால் வெடித்தால் சீழ் வயிறு முழுவதும் பரவிவிடும். உருவிவிடுபவர் எவ்வளவு கைராசிக்காரராக இருந்தாலும், வலது அடிவயிற்று வலிக்கு அவரிடம் போகாதீர்கள். மருத்துவமனையில் அறுவை செய்து குடல்வாலை அகற்றுவதே வழக்கமான மருத்துவம். சிக்கலில்லாத சிலருக்கு நுண்ணுயிர்க்கொல்லி மருந்து மட்டும் கொடுத்துக் கவனிப்பதும் உண்டு.

எங்கே போவது, என்ன சொல்வது

அவசரமில்லாத தொல்லைக்கு அரசாங்கச் சுகாதார நிலையமான கிளினிக் கெசிஹாத்தானே முதல் இடம். மலேசியக் குடிமக்களுக்கு அங்கே கட்டணம் 1 ரிங்கிட். குடிமக்கள் அல்லாதவர்களுக்குக் கட்டணம் கூடுதல். மைகாட் என்ற அடையாள அட்டையையும், சாப்பிட்டுவரும் எல்லா மருந்துகளையும் அவற்றின் உறையோடு எடுத்துச் செல்லுங்கள். நிபுணரைப் பார்க்க வேண்டும் என்று மருத்துவர் கருதினால் சூராட் ருஜுக்கான் என்ற பரிந்துரைக் கடிதம் தருவார். சுங்கை சிப்புட் மருத்துவமனை நிபுணர்கள் நிரந்தரமாக இல்லாத சிறிய மருத்துவமனை என்பதால், கேமரா பொருத்திய குழாயால் குடலைப் பார்க்கும் குடல்நோக்கிப் பரிசோதனைக்கு நம் வட்டாரத்தார் பெரும்பாலும் ஈப்போவில் உள்ள ராஜா பெர்மைசூரி பைனுன் மருத்துவமனைக்குப் போக நேரிடும். தோட்டத்தில் வேலை செய்பவர்கள் மருத்துவர் எழுதித் தரும் எம்.சி. என்ற மருத்துவ விடுப்புச் சான்றிதழை அன்றே வாங்கிவிட வேண்டும். பிறகு போய்க் கேட்டால் கிடைப்பது கடினம்.

சொல்வதில்தான் பலர் தடுமாறுகிறார்கள். முகப்பில் கூட்டம் நிற்கும். பின்னால் நிற்பவர் அடுத்த லயத்துக்காரராக இருப்பார். "என்னங்க ஐயா, என்ன செய்யுது?" என்று கேட்கப்பட்டதும் பெரியவர் குரலைத் தாழ்த்தி, "ஒண்ணுமில்ல தம்பி, கொஞ்சம் சூடு" என்பார். உள்ளே போனதும் அதையே மருத்துவரிடமும் சொல்வார். மருத்துவர் இளைஞராக, மலாய்க்காரராக இருந்தால் உடம்புச் சூட்டுக்கு மலாயில் சொல்லும் "பானாஸ் பாடான்" என்பதைக் காய்ச்சல் என்று புரிந்துகொண்டு பனடோல் எழுதிவிடக்கூடும். மூன்று மாதமாக இரத்தம் போகிறது என்ற செய்தி அந்த அறையில் பேசப்படாமலேயே போய்விடும். முகப்பில் கூச்சமாக இருந்தால் "சாக்கிட் பெருட்" (வயிற்று வலி) என்று மட்டும் சொல்லுங்கள். அறைக்குள் "பெராக் பெர்டாரா" (மலத்தில் இரத்தம்) என்று தெளிவாகச் சொல்லுங்கள். மலாயில் வயிற்றுப்போக்கு சிரிட் பிரிட், மலச்சிக்கல் செம்பெலிட், மூலம் பூவாசிர். வாயால் சொல்ல முடியவில்லை என்றால் குறிப்பு எழுதிய நோட்டை நீட்டிவிடலாம்.

இரத்தப்போக்கு என்று சொன்னால் மருத்துவர் ஆசனவாயைப் பரிசோதிக்க வேண்டியிருக்கும். இடப்புறம் ஒருக்களித்துப் படுத்து முழங்காலை மடக்கிக்கொண்டால், கையுறையணிந்த விரலில் வழவழப்பான பசை தடவி ஒரு நிமிடத்துக்குள் பார்த்துவிடுவார். பெண்கள் பெண் மருத்துவர் வேண்டும் என்றோ, உடன் ஒரு தாதி இருக்க வேண்டும் என்றோ கேட்கலாம். யாரும் தவறாக எண்ண மாட்டார்கள்.

வயிற்றுப்போக்கு

பெரும்பாலான வயிற்றுப்போக்கு நச்சுயிரிகளாலோ கெட்டுப்போன உணவாலோ வந்து, சில நாள்களில் தானாக அடங்கிவிடும். உயிருக்கு ஆபத்து நீரும் உப்பும் இழப்பதால் வருகிறது. ஆகவே முதல் மருந்து உப்புச் சர்க்கரைக் கரைசல். கிளினிக்கிலும் மருந்துக்கடையிலும் கிடைக்கும் ஓ.ஆர்.எஸ். பொட்டலத்தை அதன்மேல் எழுதியுள்ள அளவு நீரிலேயே கரைக்க வேண்டும். பொட்டலம் கைவசம் இல்லையெனில், கொதிக்கவைத்து ஆறிய 1 லிட்டர் நீரில் தலைதட்டிய 6 தேக்கரண்டி சர்க்கரையும் அரைத் தேக்கரண்டி உப்பும் கலந்துகொள்ளலாம். உப்பைக் கூட்டிவிடக் கூடாது. இரண்டு வயதுக்குட்பட்ட குழந்தைக்கு ஒவ்வொரு முறை போனபிறகும் 50 முதல் 100 மில்லிலிட்டர் வரையிலும், பெரிய பிள்ளைக்கு 100 முதல் 200 வரையிலும் சிறிது சிறிதாகக் கொடுங்கள். தாய்ப்பாலை நிறுத்த வேண்டாம். 100 பிளஸ் போன்ற பானங்களில் கரைசலைவிடச் சர்க்கரை அதிகம், உப்பு குறைவு என்பதால் குழந்தைகளுக்கு அவற்றை மருந்தாகக் கொடுப்பது சரியன்று. உப்பிட்ட கஞ்சித் தண்ணீர் எவ்வளவோ மேல்.

உடனே வயிற்றைக் கட்ட வேண்டும் என்று லோபராமைட் மாத்திரை வாங்கி விழுங்குவதைப் பற்றி எனக்குத் தயக்கம் உண்டு. நீண்ட பயணத்தில் பெரியவர்களுக்கு அது உதவும். ஆனால் காய்ச்சலோ இரத்தமோ சளியோ இருந்தால் அதைத் தொடக் கூடாது, சிறுவர்களுக்கும் கொடுக்கக் கூடாது. கரி மாத்திரை குடலிலுள்ள மற்ற மருந்துகளையும் உறிஞ்சிக்கொள்ளும் தன்மையுடையது. இரத்த அழுத்த மாத்திரை, நீரிழிவு மாத்திரை சாப்பிடுகிறவர்கள் இரண்டையும் ஒரே நேரத்தில் விழுங்கினால் அவை வேலை செய்யாமல் போகலாம்.

சளியும் இரத்தமும் கலந்து, அடிக்கடி முக்கியும் சிறிதளவே வருவது சீதபேதி. பாக்டீரியாவாலும் வரும், அமீபாவாலும் வரும். மலத்தைச் சோதித்தே மருந்து தீர்மானிக்கப்படும். அமீபாவுக்கு மெட்ரோனிடசோல் கொடுக்கப்படுகிறது. அந்த மாத்திரையை எடுக்கும் நாள்களிலும் முடித்த பிறகு இரண்டு நாள் வரையிலும் பீர், கள், சம்சு எதையும் குடிக்கக் கூடாது. குடித்தால் கடும் வாந்தியும் படபடப்பும் வரலாம். மருந்தை இரண்டாம் நாளே நிறுத்திவிடுபவர்களுக்கு நோய் திரும்ப வருவதில் வியப்பில்லை.

ஒரே விருந்தில் சாப்பிட்ட பலருக்கு வயிற்றுப்போக்கு வந்தால், அதை மறைக்காமல் கிளினிக்கில் சொல்லுங்கள். 1988ஆம் ஆண்டின் தொற்றுநோய்த் தடுப்புச் சட்டப்படி உணவு நச்சுமை, காலரா, டைஃபாய்டு, சீதபேதி ஆகியவற்றை மருத்துவர் சுகாதார அலுவலகத்துக்குத் தெரிவித்தாக வேண்டும். அதிகாரிகள் வந்து என்ன சாப்பிட்டீர்கள், தண்ணீர் எங்கிருந்து எடுத்தீர்கள் என்று கேட்பார்கள். திருமண வீட்டாருக்கு அவமானம் என்று பொய் சொன்னால், அதே தொட்டித் தண்ணீரை அடுத்த வீடும் குடித்துக்கொண்டிருக்கும்.

குடற்புழுவைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. இரவில் பிள்ளை ஆசனவாயைச் சொறிந்தால் நூற்புழு என்று ஐயப்படலாம்; அல்பெண்டசோல் ஒரு வேளை கொடுத்து, இரண்டு வாரம் கழித்து மறுபடி கொடுப்பார்கள். வீட்டிலுள்ள எல்லாரும் ஒரே நாளில் சாப்பிட்டு, நகம் வெட்டி, படுக்கைத் துணியை வெந்நீரில் துவைக்க வேண்டும். காலணியில்லாமல் ஈரமண்ணில் நடப்பவரைத் தொற்றும் கொக்கிப்புழு இரத்தசோகையை உண்டாக்கும். மாதந்தோறும் பிள்ளைகளுக்கு விளக்கெண்ணெய் கொடுத்துப் பேதியாக்கும் பழைய தோட்டத்து வழக்கத்தை விட்டுவிடுவதே நல்லது.

மலச்சிக்கலும் அதன் பிள்ளைகளும்

வாரத்துக்கு மூன்று முறைக்கும் குறைவாகப் போவதும், கட்டியாக வருவதும், வெகுநேரம் முக்குவதும் மலச்சிக்கல். மூலமும் ஆசனவாய் வெடிப்பும் பெரும்பாலும் இதிலிருந்தே பிறக்கின்றன. தோட்ட வேலையில் இருப்பவர்களுக்கு இது ஏன் இவ்வளவு அதிகம் என்பதற்கு அவர்களின் காலைப்பொழுதே விடை சொல்லும். பால்மரம் வெட்டுபவர் விடியுமுன் எழுந்து வரக்கோப்பி மட்டும் குடித்துவிட்டுக் காட்டுக்குப் போய்விடுகிறார். உணவு வயிற்றில் விழுந்ததும் பெருங்குடல் அசைந்து மலத்தைத் தள்ளும் இயல்பு காலையில்தான் வலுவாக இருக்கும். அந்த நேரத்தில் அவர் மரத்தடியில் நிற்கிறார். உந்துதலை அடக்குகிறார், அதுவும் அடங்கிவிடுகிறது, பெருங்குடல் மலத்திலிருந்து நீரை மேலும் மேலும் உறிஞ்சுகிறது. செம்பனைக் குலை அறுப்பவரோ வெயிலில் வியர்வையாகவே நீரை இழந்துவிட்டு, பகல் முழுவதும் ஒரு சிறு புட்டி நீரோடு முடித்துக்கொள்கிறார்.

ஆகவே முதல் மருந்து நேரமும் நீரும்தான். வேலைக்குப் புறப்படுமுன் இரண்டு துண்டு ரொட்டியோ நேற்றைய இட்லியோ எதையாவது சாப்பிட்டு, அடுத்த அரை மணிக்குள் கழிவறையில் ஐந்து நிமிடம் உட்காரும் வழக்கத்தை உண்டாக்குங்கள். உட்காரும் கழிப்பறையாக இருந்தால் கால்களுக்கடியில் ஒரு சிறு முக்காலி போட்டு, முழங்கால் இடுப்பைவிட உயர்ந்திருக்கும்படி வைத்து, சற்று முன்சாய்ந்தால் வழி நேராகும். கைப்பேசியை வெளியே வைத்துவிட்டுப் போங்கள். இருபது நிமிடம் படம் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தால் ஆசனவாயின் இரத்தக் குழாய்கள்தாம் புடைக்கும்.

மலேசிய உணவு வழிகாட்டி ஒரு நாளைக்கு 20 முதல் 30 கிராம் நார்ச்சத்து வேண்டும் என்கிறது. ஒரு கிண்ணம் வெள்ளைச் சோற்றில் 1 கிராம்கூடத் தேறாது. வேகவைத்த பருப்பு ஒரு கிண்ணத்தில் ஏறத்தாழ 15 கிராம், கொண்டைக்கடலையில் 12 கிராம், 100 கிராம் கொய்யாவில் 5 கிராம் அளவுக்கு உள்ளது. கங்கோங் கீரை, முருங்கைக்கீரை, சர்க்கரைவள்ளி இலை எல்லாம் நம் வேலியோரத்திலேயே இருக்கின்றன. ஒரே நாளில் அளவைக் கூட்டினால் வயிறு உப்பும். இரண்டு மூன்று வாரத்தில் சிறிது சிறிதாகக் கூட்ட வேண்டும். இசப்கோல் என்ற நார்த்தூளைச் சாப்பிடுபவர்கள் நிறையத் தண்ணீர் குடிக்காவிட்டால் அதுவே அடைத்துக்கொள்ளும்.

இவற்றால் தீராதவர்களுக்கு லாக்டுலோஸ் பாகு கொடுப்பார்கள். அது வேலை செய்ய ஒன்றிரண்டு நாளாகும் என்பதால் முதல் நாளே பயனில்லை என்று கைவிடாதீர்கள். பிசகோடில் மாத்திரை இரவில் எடுத்தால் காலையில் வேலை செய்யும். அதை நாள்தோறும் பழக்கமாக்கிக்கொள்வதற்கு முன் மருத்துவரைக் கேளுங்கள். இரவுச் சந்தையான பசார் மாலாமில் விற்கும் மெலிவுத் தேயிலை பலவற்றில் நிலவாகை (சென்னா) கலந்திருக்கும். அதுவும் பேதி மருந்துதான். இரும்பு மாத்திரை, கொடீன் கலந்த இருமல் மருந்து, டிரமடோல் போன்ற வலிமருந்துகளும், தைராய்டு குறைபாடும் மலச்சிக்கலுக்குக் காரணமாகலாம்.

மூலமா, வெடிப்பா, பௌத்திரமா?

வலியில்லாமல் செந்நிற இரத்தம் சொட்டினால் உள்மூலமாக இருக்க வாய்ப்பு அதிகம். மலம் கழிக்கும்போது கத்தியால் கீறியதுபோல் வலித்து, அந்த எரிச்சல் ஒரு மணி இரண்டு மணி நேரம் நீடித்தால் அது வெடிப்பு. ஆசனவாய்க்கு அருகே கட்டி, சீழ், அவ்வப்போது உள்ளாடை நனைதல் என்றால் பௌத்திரம். மூன்றுக்கும் மருத்துவம் வேறு. மூலக்களிம்பை வெடிப்புக்குப் பூசி, "எந்த மருந்தும் கேட்கவில்லை" என்று சோர்ந்துபோனவர்களை நம் ஊரில் எத்தனையோ பேரைப் பார்க்கலாம்.

உள்மூலத்தை நான்கு படிகளாகப் பிரிப்பார்கள். வெளியே வராமல் இரத்தம் மட்டும் கசிவது முதல் படி. வெளியே வந்து தானாக உள்ளே போவது இரண்டாவது. விரலால் தள்ளினால் போவது மூன்றாவது. தள்ளினாலும் போகாதது நான்காவது. முதலிரண்டு படிகளில் நார்ச்சத்தும், நீரும், 10 முதல் 15 நிமிடம் வெதுவெதுப்பான நீரில் உட்காருவதும் பலருக்குப் போதும். போதாதபோது சிறு இரப்பர் வளையத்தை மூலத்தின் அடியில் மாட்டி, இரத்த ஓட்டத்தை நிறுத்தி உதிரச் செய்வார்கள். இதற்குப் பெரும்பாலும் மருத்துவமனையில் தங்க வேண்டியதில்லை. மூன்றாம் படியில் சிலருக்கும், நான்காம் படியில் பெரும்பாலோருக்கும் அறுவை தேவைப்படும். ஸ்டீராய்டு கலந்த களிம்பை ஒரு வாரத்துக்கு மேல் தானாகப் பூசிக்கொண்டிருந்தால் தோல் மெலிந்துவிடும். வெளிமூலத்தில் திடீரென இரத்தம் உறைந்து நீலநிறக் கட்டியாகத் தாங்க முடியாமல் வலித்தால், மூன்று நாள்களுக்குள் மருத்துவரிடம் போனால் அதைக் கீறி எடுத்து வலியைக் குறைக்க வாய்ப்புண்டு.

வெடிப்புக்கு மலத்தை இளக்குவதோடு, இறுகிய தசையைத் தளர்த்தும் களிம்பு தேவை. கிளிசரைல் டிரைநைட்ரேட் களிம்பு தலைவலியை உண்டாக்கலாம். டில்டியசெம் களிம்பில் அது குறைவு. ஆறு முதல் எட்டு வாரம் விடாமல் பூசியும் ஆறாவிட்டால் சிறிய அறுவை செய்யப்படும். பௌத்திரம் களிம்பால் தீராது; அறுவைதான் வழி. நீரிழிவு உள்ளவர்களுக்கு ஆசனவாய் அருகே கட்டி கிளம்பிக் காய்ச்சல் வந்தால், பிதுக்கிப் பார்க்காமல் அன்றே மருத்துவமனைக்குப் போக வேண்டும்.

மாதக்கணக்கில் தொடரும் வயிறு

மலம் கழித்தால் குறையும் அல்லது கூடும் வயிற்று வலி, வாரத்துக்கு ஒரு நாளாவது, மூன்று மாதமாகத் தொடர்ந்து, மலத்தின் தன்மையும் மாறிக்கொண்டே இருந்தால் எரிச்சல் குடல் நோய் என்று மருத்துவர்கள் கருதுவார்கள். குடலில் புண் எதுவும் இருக்காது. ஆனால் வலி பொய்யில்லை. எந்த உணவு தூண்டுகிறது என்பதைக் குறித்துவைத்து ஒவ்வொன்றாக விட்டுப்பார்க்க வேண்டும். பாலில் உள்ள லாக்டோஸ் பலருக்கு ஒத்துக்கொள்வதில்லை. நாளைக்கு நான்கு கோப்பை பால் கலந்த தே தாரிக் குடிப்பவர் இரண்டு வாரம் பாலில்லாத தே ஓ குடித்துப் பார்த்தாலே உண்மை தெரிந்துவிடும். வெங்காயம், பூண்டு, பருப்பு ஆகியவையும் சிலருக்குக் காற்றை உண்டாக்கும்.

அதே வலியோடு எடை குறைதல், இரவில் எழுந்து ஓட வைக்கும் வயிற்றுப்போக்கு, இரத்தம், காய்ச்சல், மூட்டுவலி ஆகியவை சேர்ந்தால் குடல் அழற்சி நோயை நினைக்க வேண்டும். பெருங்குடற் புண் அழற்சி, குரோன் நோய் என இதில் இரு வகைகள் உண்டு. பக்கத்துக் கிந்தா பள்ளத்தாக்கில் நடத்தப்பட்டு 2015இல் வெளியான ஆய்வு, மலாய்க்காரர், சீனர் ஆகியோரைவிட இந்தியர்களிடமே இந்நோய் அதிகமாகத் தோன்றுவதைக் காட்டியது. நம் வட்டாரத்துத் தமிழர்கள் இதை வெள்ளைக்காரர் நோய் என்று ஒதுக்கிவிட முடியாது. குடல் காசநோயும் குரோன் நோயைப் போலவே தோற்றமளிக்கும் என்பதால், ஸ்டீராய்டு தொடங்குமுன் அது இல்லை என்று உறுதிசெய்வார்கள். மெசலசீன், அசத்தியோபிரின், உயிரியல் ஊசிமருந்துகள் என்று மருத்துவம் நீண்டகாலம் தொடரும். நன்றாயிருக்கும் மாதங்களில் மருந்தை நிறுத்துவதே நோய் திரும்பிவரப் பெரும் காரணம்.

புற்றுநோய்ப் பரிசோதனையும் ஸ்கோப்பும்

மலேசிய ஆண்களிடம் மிக அதிகமாகவும், பெண்களிடம் மார்பகப் புற்றுக்கு அடுத்தபடியாகவும் காணப்படுவது பெருங்குடல், மலக்குடல் புற்றுநோய். பெரும்பாலோர் மூன்றாம் நான்காம் நிலையில்தான் மருத்துவமனைக்கு வருகிறார்கள். இத்தனைக்கும் இப்புற்று பெரும்பாலும் ஒரு சிறு தசைவளர்ச்சியாகத் தொடங்கிப் பல ஆண்டுகள் மெதுவாக வளர்வது. அந்த வளர்ச்சியை வெட்டியெடுத்துவிட்டால் அவ்விடத்தில் புற்றே வராமல் தடுக்கலாம்.

50 முதல் 75 வயது வரை, எந்தத் தொல்லையும் இல்லாதவர்கள், கிளினிக் கெசிஹாத்தானில் ஐஎஃப்ஓபிடி என்று கேட்டால் மலத்தில் மறைந்துள்ள இரத்தத்தைக் கண்டறியும் பரிசோதனை செய்வார்கள். கழிவறை நீரில் விழாதபடி தாளை விரித்து மலத்தைப் பிடித்து, கொடுத்த குச்சியால் சில இடங்களில் குத்தி, குழாய்க்குள் போட்டு, சொன்ன நேரத்துக்குள் திருப்பித் தர வேண்டும். மனித இரத்தத்தை மட்டுமே இது கண்டறிவதால் உணவுப் பத்தியம் வேண்டியதில்லை. இரத்தம் இருப்பதாக வந்தால் புற்று என்று பொருளாகாது. ஸ்கோப் எனப்படும் குடல்நோக்கிப் பரிசோதனை செய்து காரணத்தைப் பார்க்க வேண்டும் என்றுதான் பொருள். ஏற்கெனவே இரத்தம் போகிறவர்கள், 40 வயதுக்கு மேல் மலப்போக்கு திடீரென மாறியவர்கள், காரணமின்றி இரத்தசோகையோ எடைக்குறைவோ உள்ளவர்கள் இப்பரிசோதனையோடு நின்றுவிடாமல் நேராக மருத்துவரைப் பார்க்க வேண்டும். பெற்றோர், உடன்பிறந்தோரில் ஒருவருக்கு 60 வயதுக்கு முன் இப்புற்று வந்திருந்தால், 40 வயதிலோ, அவருக்கு நோய் தெரிந்த வயதுக்கு 10 ஆண்டு முன்னரோ, எது முந்துகிறதோ அப்போது ஸ்கோப் செய்துகொள்வது முறை.

ஸ்கோப்பில் வெற்றி தோல்வி குடலைச் சுத்தம் செய்வதில் இருக்கிறது. இரண்டு மூன்று நாள் முன்பிருந்தே கீரை, பழம், பருப்பு, விதை எல்லாவற்றையும் நிறுத்தி, வெள்ளைச் சோறு, அவித்த மீன், முட்டை, வெள்ளை ரொட்டி, தெளிந்த சூப் என்று சாப்பிட வேண்டும். நார்ச்சத்தைப் பற்றி மேலே சொன்னதற்கு இங்கே விடுமுறை. சிரப் பண்டுங் போன்ற சிவப்புப் பானங்கள் குடலில் இரத்தம்போலத் தெரியும் என்பதால் தொடக் கூடாது. கொடுத்த பேதித் தூளைச் சொன்ன அளவு நீரில் கரைத்து, குளிரவைத்துச் சிறிது சிறிதாகக் குடித்தால் குமட்டல் குறையும். கடைசியில் தெளிந்த மஞ்சள் நீராகப் போக வேண்டும். கலங்கலாக இருந்தால் குடல் இன்னும் சுத்தமாகவில்லை, அதைத் தாதியிடம் சொல்லுங்கள். அந்த இரவு கழிவறைக்கு எதிரிலேயே படுக்கையைப் போட்டுக்கொண்டு, ஆசனவாயைச் சுற்றி வேசலின் தடவிக்கொள்வது அனுபவசாலிகள் சொல்லும் யோசனை. நீரிழிவு மருந்து, வார்பரின், கிளோபிடோகிரெல் போன்ற இரத்தம் உறையாமல் தடுக்கும் மருந்து, இரும்பு மாத்திரை ஆகியவற்றை எப்போது நிறுத்துவது என்பதை முன்கூட்டியே கேட்டுக்கொள்ளுங்கள். நீங்களாக நிறுத்த வேண்டாம்.

பரிசோதனை பெரும்பாலும் ஒரு மணி நேரத்துக்குள் முடிந்துவிடும். தூக்க ஊசி போடுவதால் அன்று மோட்டார் சைக்கிளோ காரோ ஓட்டக் கூடாது. ஈப்போவிலிருந்து திரும்ப யாராவது உடன் வர வேண்டும். அன்று வயிறு உப்பிக் காற்று பிரிவது இயல்பு. கடும் வயிற்று வலி, காய்ச்சல், அதிக இரத்தம் வந்தால் உடனே திரும்பிப் போங்கள்.

புற்று என்று தெரிந்தால் முதன்மையான மருத்துவம் அறுவை. நிலையைப் பொறுத்து கீமோதெரபி என்ற ஊசிமருந்தும், மலக்குடல் புற்றுக்குக் கதிர்வீச்சும் சேரும். வயிற்றில் மலம் சேரும் பை வைத்துவிடுவார்கள் என்ற அச்சத்தால் அறுவையை மறுப்பவர்கள் உண்டு. எல்லாருக்கும் பை தேவைப்படுவதில்லை, வைத்தவர்களில் பலருக்குச் சில மாதங்களில் அகற்றிவிடுகிறார்கள் என்பதை அறுவை நிபுணரிடமே கேட்டுத் தெளியலாம். இவ்விடைவெளியில்தான் சந்தைகளிலும் வாட்சாப்பிலும் பெயரில்லாத சூரணங்கள் வந்துசேரும். மலேசியாவில் பதிவுபெற்ற மரபு மருந்தின் உறையில் எம்.ஏ.எல். என்று தொடங்கி டி என்று முடியும் எண் இருக்கும். அது இல்லாததை வாங்காதீர்கள். இருப்பதும் பாதுகாப்புக்கான பதிவே தவிர, புற்றைக் குணப்படுத்தும் என்பதற்கான சான்று ஆகாது.

ஸ்கோப் முடிந்து வெளிவரும்போது அறிக்கையின் நகலையும், தசைவளர்ச்சி எடுத்திருந்தால் அதன் ஆய்வு முடிவு வரும் நாளையும், அடுத்த ஸ்கோப் எந்த ஆண்டில் என்பதையும் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். அகற்றிய வளர்ச்சியின் எண்ணிக்கை, அளவு, தன்மை ஆகியவற்றைப் பொறுத்து அது மூன்று ஆண்டிலோ, ஐந்திலோ, பத்திலோ வரலாம். முடிவு எதுவானாலும் உடன்பிறந்தோருக்கும் வளர்ந்த பிள்ளைகளுக்கும் சொல்லிவிட வேண்டும். அவர்கள் எந்த வயதில் பரிசோதனையைத் தொடங்குவது என்பதை மருத்துவர் அதைக் கேட்டே முடிவு செய்வார்.